வாடகைக்கு விட்டால் என்ன?



காணி உறுதி கேட்டுப் போகும் இடமெல்லாம் ஒரே பதிலைத்தான் கேட்டு வருகின்றோம். "உறுதியைக் கையில் கொடுத்தால் உங்கள் ஆட்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போய்விடுவார்கள்." கம்பனிக்காரர் சொல்கின்றார். அதிகாரி சொல்கின்றார். நமக்குள்ளேயே படித்து மேலே போன சிலரும் தலையை ஆட்டிக்கொண்டு அதையே சொல்கின்றார்கள். நாமும் இத்தனை நாளாக, "இல்லை ஐயா, நாங்கள் அப்படிச் செய்யமாட்டோம், இங்கேயே இருப்போம்" என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தோம். அந்தச் சத்தியம் இனி வேண்டாம். அவர்களை நேராகவே கேட்போம்: வாடகைக்கு விட்டால் என்ன?

இந்த நாட்டில் வீடு உள்ள எவரிடமும் இந்தக் கேள்வி கேட்கப்படுவதில்லை. வெள்ளவத்தையில் வீடு வாங்குபவரிடம், "நீங்களே குடியிருப்பீர்களா, அல்லது வாடகைக்கு விடுவீர்களா?" என்று காணிப் பதிவகம் கேட்பதில்லை. மேல்மாடி கட்டி இரண்டு குடும்பத்தை வைப்பவரை ஊரே கெட்டிக்காரர் என்கின்றது. பென்சன் எடுத்த உத்தியோகத்தர் சேவைக்காலப் பணத்தில் ஓர் இணைப்பு வீடு கட்டி வாடகை வாங்கினால் அது முதலீடு. தோட்டத்தில் 35 வருடம் கொழுந்து பறித்த அம்மா தன் வீட்டின் ஓர் அறையை விட்டால் மட்டும் அது துஷ்பிரயோகமா?

கட்டுநாயக்கவுக்குப் போய்ப் பாருங்கள். சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் திறந்தது. அந்தக் காலத்தில் சுற்றியிருந்த கிராமங்களில் தென்னையும் கொஞ்சம் வீட்டுத்தோட்டமும் வைத்திருந்த சாதாரணக் குடும்பங்கள் இருந்தன. அவர்கள் நம்மைவிடப் பெரிய பணக்காரர் அல்லர். ஆனால் காணிக்கு உறுதி இருந்தது. உறுதியை வைத்துக் கடன் எடுத்தார்கள், வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அறைகள் கட்டினார்கள், வேலைக்கு வந்த பிள்ளைகளுக்குப் 'போடிங்' கொடுத்தார்கள். அந்த வாடகையில் அவர்களின் பிள்ளைகள் படித்தார்கள், வீடு பெரிதானது. அந்த அறைகளில் இன்று யார் இருக்கின்றார்கள்? அட்டனிலிருந்தும் பசறையிலிருந்தும் இரத்தினபுரியிலிருந்தும் போன நம் பிள்ளைகளும்தான். ஓர் அறையில் நான்கு பேர், ஐந்து பேர். முற்றத்தில் ஒரே குழாய், வரிசையில் நின்றுதான் குளியல். நீளக் கட்டடம், பக்கத்துக்குப் பக்கம் கதவு, மேலே தகரம். லயத்தை விட்டுத் தப்பிப் போன பிள்ளை இன்னொரு லயத்துக்கு மாதாமாதம் வாடகை கட்டுகின்றது.

இதில் போடிங்காரர் மேல் நமக்குக் கோபமில்லை. அந்தக் குடும்பத்துக்கும் நம் குடும்பத்துக்கும் இடையில் இருந்தது ஒரு காகிதம். அது இருந்ததால் அவர்கள் வீட்டுக்காரர் ஆனார்கள். இல்லாததால் நாம் தலைமுறை தலைமுறையாக வாடகைக்காரர்கூட ஆகவில்லை.

வாடகைக்காரர்கூட ஆகவில்லை என்று சும்மா சொல்லவில்லை. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைக்கு இருப்பவருக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. நினைத்த நேரத்தில் வீட்டை விட்டு எழுப்ப முடியாது என்றது. அடுத்த வருடமே, 1973இல், வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒருவர் இத்தனை வீட்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது, மிச்ச வீடுகளை அதில் குடியிருக்கும் வாடகைக்காரரே வாங்கலாம் என்றது. நகரத்தில் எத்தனையோ வாடகைக் குடும்பங்கள் அப்படித்தான் வீட்டுச் சொந்தக்காரர் ஆனார்கள். அதே காலத்தில், 1972இலும் 1975இலும், காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுக்கு எடுத்தது. முதலாளி மாறினார், பெயர்ப்பலகை மாறியது. 10 அடிக்கு 12 அடி காம்பராவில் இருந்தவருக்கு ஒரு பேர்ச் காணியும் வரவில்லை. இப்போது வீட்டுக்காரரின் பக்கத்துக்கும் சட்டம் இருக்கின்றது. குத்தகைக்குக் கொடுத்த கட்டடத்தை விரைவாக மீட்பதற்கென்று 2023இல் தனிச் சட்டமே நிறைவேற்றினார்கள். வீட்டுக்காரருக்கு ஒரு சட்டம், வாடகைக்காரருக்கு ஒரு சட்டம். லயத்துக்காரருக்குப் பெரியதுரையின் வாய்தான் சட்டம்.

"லயத்துக்கு வாடகை எடுப்பதில்லையே, இலவசமாகத்தானே இருக்கின்றீர்கள்?" என்று சிலர் கேட்கின்றார்கள். இலவசமா? கூட்டில் கட்டிய கோழியும் வாடகை கொடுப்பதில்லைதான். வீட்டில் ஓர் ஆளாவது தோட்டத்தில் பெயர் போட வேண்டும், இல்லாவிட்டால் ஆபிஸுக்குக் கூப்பிட்டுக் கேட்பார்கள். இஸ்தோப்பை அடைத்து ஓர் அறை போடத் துரையிடம் கேட்க வேண்டும். மின்சாரம் எடுக்க அவருடைய கடிதம் வேண்டும். கூரை ஒழுகினால் தகரத்துக்கு மனுப் போட வேண்டும். பல இடங்களில் தபால்கூட இன்னும் ஆபிஸ் வழியாகத்தான் வருகின்றது. இத்தனைக்கும் விலை போட்டுப் பாருங்கள், எந்த நகரத்து வாடகையும் இதைவிட மலிவு.

கம்பனிகளின் கதையையும் பார்ப்போம். அவர்களும் இந்த மண்ணின் சொந்தக்காரர் அல்லர். 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் கம்பனிகளுக்குப் போனது. காணி அரசுடையது. கம்பனிக்கு 53 வருடக் குத்தகை, அது 2045 வரைக்கும்தான். அதாவது கம்பனியும் ஒரு குடியிருப்பாளர்தான், நம்மைவிட நல்ல காகிதம் வைத்திருக்கும் குடியிருப்பாளர். அந்தக் குடியிருப்பாளர் என்ன செய்கின்றார்? மலையகத்தில் பழைய துரைமார் பங்களாக்கள் எத்தனை இன்று உல்லாசப் பயணிகளுக்கு இரவுக் கணக்கில் வாடகைக்கு விடப்படுகின்றன என்று உங்களுக்கே தெரியும். நம் பிள்ளைகளே அங்கே படுக்கை விரிக்கின்றார்கள், தோட்டம் கொத்துகின்றார்கள். அது துரை குடியிருக்கக் கட்டிய வீடு. துரை குடியிருக்காமல் வெள்ளைக்காரரிடம் டொலர் வாங்கினால் அதற்குப் பெயர் சுற்றுலாத் துறை வளர்ச்சி. குத்தகைக் காணியில் இருக்கும் பங்களாவை வாடகைக்கு விடலாம் என்றால், நன்கொடையிலும் நம் உழைப்பிலும் எழுந்த 550 சதுர அடி வீட்டை ஏன் விடக்கூடாது? இதற்குப் பதில் சொல்லிவிட்டு எங்களிடம் பேசட்டும்.

வாடகைக்கு விடுவதென்றால் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடுவது என்று நினைப்பவர்களுக்குத் தோட்டத்து நிலைமை தெரியாது. நமது கிளைக் கூட்டங்களில் வந்த இரண்டு விசயங்களைச் சொல்கின்றோம். பெயர் வேண்டாம், கேட்டால் உங்கள் தோட்டத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். ஏழு பேர்ச்சஸ் வீடு கிடைத்த ஓர் அம்மா. வயது போய் வேலையிலிருந்து நின்றுவிட்டார், கணவர் இல்லை. மகன் கொழும்பில் கடையில் நிற்கின்றார், மகள் கலியாணம் முடித்துப் போய்விட்டார். இரண்டு அறையில் ஓர் அறை சும்மா கிடக்கின்றது. அதே டிவிசன் பாடசாலைக்கு மாற்றலாகி வந்த ஆசிரியை ஒருவர் தினமும் நகரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகின்றார். மழை நாளில் பஸ் வராவிட்டால் வகுப்பு இல்லை. அந்த அறையை ஆசிரியைக்குக் கொடுத்தால் அம்மாவுக்கு மாதம் ஒரு வருமானம், இரவில் துணை, பிள்ளைகளுக்கு நேரத்துக்குப் பாடம். பேச்சு முடிந்து ஆசிரியை பெட்டியோடு வரும் நேரத்தில் ஆபிஸிலிருந்து ஆள் வந்தது. "வெளியாளை வைக்க முடியாது. இந்த வீடு உங்களுடையது என்று யார் சொன்னது?" அம்மாவின் பெட்டகத்தில் ஒரு கடிதம் இருக்கின்றது, வீடு கையளித்த அன்று மேடையில் வைத்துக் கொடுத்தது. அதில் அவருடைய பெயர் இருக்கின்றது, அமைச்சரின் படம் இருக்கின்றது. உறுதி இலக்கம் மட்டும் இல்லை.

இரண்டாவது, தொண்ணூறுகளில் கடன் போட்டு வீடு கட்டிய ஒரு குடும்பம். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். கடன் முடிந்து எத்தனையோ வருடம். கடன் முடிந்ததற்குத் துண்டு இருக்கின்றது, காணிக்குத் துண்டு இல்லை. பக்கத்தில் ஓர் அறை சேர்த்துக் கட்ட வங்கிக்குப் போனார்கள். வங்கி முதலில் கேட்டது உறுதி எங்கே என்றுதான். கடைசியில் வட்டிக்குக் கொடுப்பவரிடம் போனார்கள், அவர் உறுதி கேட்கவில்லை, தாலிக்கொடியைக் கேட்டார்.

ஒரு கணக்கும் போட்டுப் பார்ப்போம். ஓர் அறைக்கு மாதம் 10,000 ரூபா வாடகை என்று வைத்துக்கொள்வோம். 2024 செப்டெம்பரில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 பிடித்தால் கையில் 1,242. ஆக, அந்தச் சம்பளத்தில் 10,000 ரூபாவுக்கு எட்டு நாளுக்குச் சற்று மேல் மலை ஏற வேண்டியிருந்தது, அதுவும் முழுப் பெயர் விழுந்தால். வாடகை முழுவதும் கைக்கு வராது, உண்மைதான். வருடத்தில் ஒரு மாதம் அறை வெறுமையாகக் கிடக்கும், தகரம் மாற்ற வேண்டும், தண்ணீர்க் குழாய் உடையும், சுவருக்குச் சுண்ணாம்பு வேண்டும். பத்தில் மூன்று அதற்கே போகட்டும். மிச்சம் ஏழும், முழங்கால் தேய்ந்து வேலையிலிருந்து நின்ற ஒரு தாய்க்கு மருந்துச் செலவு. அந்த மருந்தைத்தான் "துஷ்பிரயோகம்" என்று சொல்லித் தடுக்கின்றார்கள்.

விற்றுவிடுவார்கள், குடித்துத் தீர்த்துவிடுவார்கள், வெளியாட்கள் வந்து மலையைப் பிடித்துவிடுவார்கள் என்ற பயமுறுத்தலும் இருக்கின்றது. இதில் ஒரு பங்கு நியாயம் உண்டு, அதை மறைக்கமாட்டோம். வட்டிக்காரர் உறுதியைப் பார்த்தால் நாக்கைத் தொங்கப்போடுவார். ஆகவேதான் உறுதியில் மனைவியின் பெயரும் சேர வேண்டும், இருவரும் ஒப்பமிடாமல் ஈடோ விற்பனையோ நடக்கக்கூடாது என்கின்றோம். முதல் சில வருடங்களுக்கு விற்பனைக்குத் தடை என்றால் அதையும் உட்கார்ந்து பேசலாம். ஆனால் விற்பது வேறு, வாடகைக்கு விடுவது வேறு. வாடகைக்கு விட்டவர் வீட்டை இழப்பதில்லை. சொல்லப்போனால் அவசரத்துக்கு வாடகைப் பணம் வரும் குடும்பம்தான் விற்காமல் தாக்குப்பிடிக்கும்.

நாட்டின் ஏழை விவசாயிகளையும் அரசு இப்படித்தான் நடத்தியது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் காணி பெற்றவர்கள் அரசின் அனுமதியில்லாமல் அதை விற்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. காரணமும் இதே காரணம்தான், ஏழைக்குச் சொத்தை ஆளத் தெரியாதாம். பல பத்தாண்டுகள் கழித்து, 2024இல், "உறுமய" என்று பெயர் வைத்து அந்த விவசாயிகளுக்குக் கட்டுப்பாடில்லாத முழு உறுதி தருவதாக அரசே மேடை போட்டு அறிவித்தது. அது சரியான காரியம், அந்த மக்கள் நம் சகோதரர்கள், அவர்களுக்குக் கிடைப்பதில் நமக்கு மகிழ்ச்சி. ஒரு கையால் அங்கே கழற்றிய விலங்கை மறு கையால் கொண்டுவந்து இங்கே மாட்டாதே என்பதுதான் நம் வாதம்.

உண்மையான பயம் எது என்று நமக்குத் தெரியும். வீட்டில் ஒரு வருமானம் வந்தால் பிரட்டுக்களத்தில் நிற்கும் ஆள், "இந்தச் சம்பளத்துக்கு இத்தனை கிலோ முடியாது" என்று நிமிர்ந்து சொல்வார். பிள்ளையை வேலைக்குப் பெயர் போடாமல் உயர்தரம் படிக்க விடுவார். வேலைநிறுத்தத்தில் ஒரு வாரம் கூடுதலாக நிற்பார். கம்பனிக்கு வீடு ஒரு கட்டடமல்ல, தொழிலாளியின் காலில் கட்டிய கயிறு. கயிற்றின் நுனி ஆபிஸில் இருக்கும்வரை ஆள் எங்கும் போகமாட்டார் என்பது நூற்றைம்பது வருடத்துக் கணக்கு. ஆள் பற்றாக்குறை என்று புலம்புகின்றார்களே, அந்தக் கயிறு இருந்தும் இளைஞர்கள் போய்க்கொண்டுதானே இருக்கின்றார்கள்? ஆளை நிறுத்துவது சம்பளம், கயிறு அல்ல.

இனி நம் பக்கத்து அழுக்கையும் கொஞ்சம் கழுவுவோம். வீடில்லாதவருக்கென்று வந்த திட்டத்தில், நகரத்தில் மாடி வீடு வைத்திருப்பவர் செல்வாக்கைப் பிடித்துப் பெயரைச் செருகி, சாவியை வாங்கிய மறுமாதமே வாடகைக்கு விட்ட கதை இல்லையா? இருக்கின்றது. அவர்களில் சங்கத் தலைவர் என்று சொல்லிக்கொள்பவரும் உண்டு, எந்தச் சங்கம் என்பது முக்கியமில்லை. லயத்தில் ஒரே காம்பராவில் மூன்று குடும்பம் நெருங்கிக் கிடக்கும்போது இப்படி இரண்டாவது வீடு எடுப்பவர் திருடர். அவருக்காக நாம் ஒரு சொல்லும் பேசமாட்டோம். ஆனால் அங்கே குற்றம் வாடகைக்கு விட்டதல்ல, உரித்தில்லாத வீட்டை எடுத்தது. பயனாளிகளின் பெயர்ப் பட்டியலைத் தோட்டத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள், அந்தத் திருட்டு நின்றுவிடும். பட்டியலை ஒளித்து வைத்துக்கொண்டு, பிழை செய்தவரைக் காட்டிப் பிழை செய்யாதவரின் உரிமையைப் பறிக்காதீர்கள்.

இன்னொன்று. நாம் தொழிற்சங்கம், வீட்டுக்காரர் சங்கம் அல்ல. நாளைக்கு உறுதி கிடைத்து நம் அங்கத்தவர் ஒருவர் அறை விட்டு, அதில் இருக்கும் பெண்பிள்ளையைப் போடிங்காரர் நம் பிள்ளையை நடத்துவதுபோல நடத்தினால், சங்கம் அந்தப் பிள்ளையின் பக்கம்தான் நிற்கும். முற்பணம் வாங்கினால் துண்டு கொடுங்கள், வாடகைக்கும் மாதாமாதம் துண்டு கொடுங்கள். மின்சாரப் பில் யார் கட்டுவது, ஒழுகினால் யார் திருத்துவது, எழும்பச் சொல்ல எத்தனை மாத அவகாசம் என்பதை ஆள் வருமுன்னே எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். நம் ஆட்களுக்கு வாய்ப்பேச்சில் நம்பிக்கை அதிகம். வாய்ப்பேச்சால் நாம் இழந்தது போதாதா? இந்த நாட்டுச் சட்டமும் வாய்ப்பேச்சை மதிப்பதில்லை. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கின்றது. அதன்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசின் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். காணி விற்பனைக்கும் அதே விதி. கோப்பித் தோட்டம் போட வந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் காணியைப் பத்திரமாக வைத்துக்கொள்ள உதவிய சட்டம், அதைக் கொஞ்சம் நாமும் பயன்படுத்திக்கொள்வோமே.

இதே காரணத்தால் ஓர் எச்சரிக்கை. சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் கைக்கு வரும் நேரம் பார்த்துத் தரகர்கள் தோட்டத்துக்குள் திரிகின்றார்கள். "அண்ணே, ஒரு லயக் காம்பரா வாங்கிப் போடுங்க, வாடகை வரும்", "ஏழு பேர்ச்சஸ் வீடு ஒன்று இருக்கு, முத்திரைத்தாளில் எழுதித் தாறேன்" என்கின்றார்கள். லயக் காம்பராவை விற்க எவருக்கும் உரிமையில்லை. உறுதியில்லாத வீட்டை வெறும் முத்திரைத்தாளில் எழுதி வாங்கினால் நீங்கள் வாங்கியது தாள் மட்டும்தான். நாளைக்கு அந்தக் குடும்பத்தின் மகன் வந்து "எங்கள் வீடு" என்றால் உங்களிடம் காட்ட ஒன்றுமில்லை. உறுதியுள்ள காணி என்றாலும் நுவரெலியா, கண்டி, பதுளை, எந்த மாவட்டமோ அந்தக் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்காமல், ஈடு இருக்கின்றதா, வழக்கு இருக்கின்றதா என்று கேட்காமல் ஒரு சதமும் நீட்டாதீர்கள். வாழ்நாள் உழைப்பு ஒரே நாளில் போன வீடுகளை நாம் பார்த்திருக்கின்றோம்.

எனவே பேச்சுவார்த்தை மேசையில் நாம் வைப்பது இதுதான். வீட்டுக்கும் ஏழு பேர்ச்சஸ் காணிக்கும் பதிவு செய்த உறுதி வேண்டும், கடிதம் வேண்டாம். கணவன், மனைவி இருவர் பெயரிலும் வேண்டும். கடன் கட்டி முடித்த பழைய வீடுகளும் அதில் சேர வேண்டும், புதிய வீட்டுக்குப் படம் பிடித்துவிட்டுப் பழைய வீட்டை மறக்கக்கூடாது. உறுதியின் பின்பக்கத்தில், "வாடகைக்கு விடக்கூடாது", "தோட்டத்தில் வேலை செய்யும்வரை மட்டும்" என்று ஒரு வரி இருந்தாலும் அதில் நாம் ஒப்பமிடமாட்டோம். மேடையில் கொடுக்கும்போது மாலையையும் படத்தையும் பார்க்காதீர்கள், தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் உயர்தரம் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிங்களத்தில் மட்டும் எழுதியிருந்தால் தமிழ்ப் பிரதி கேளுங்கள், அது உங்கள் உரிமை.

ஒவ்வொரு தோட்டத்திலும் யார் கையில் உறுதி, யார் கையில் கடிதம், யாருக்கு வாய்ப்பேச்சு மட்டும் என்ற கணக்கைச் சங்கம் எடுக்கின்றது. வீடு கையளித்த கடிதம், கடன் கட்டி முடித்த துண்டு, வெளியாளை வைக்கக்கூடாது என்று ஆபிஸ் எழுதிக் கொடுத்த காகிதம் ஏதாவது இருந்தால், அதன் பிரதியை அடுத்த சந்தா நாளுக்கு முன் உங்கள் தோட்டத் தலைவரிடமோ மாதர் சங்கத் தலைவியிடமோ கொடுங்கள். மூலப் பிரதியை எவரிடமும், நம்மிடமும்கூட, கொடுக்க வேண்டாம்.